ஒரே லங்கர், ஒரே கோத்: சண்டைக்குப் பின் பல இனப் பட்டாளத்தின் வழக்கத்தை மாற்றும் வழிமுறை

நெல்லைச் சீமையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் "எந்த ஊரு?" என்பதோடு பேச்சு நிற்காது. "ஊருல எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். தெரு தெரிந்துவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. எவ்வளவு நெருங்கலாம், என்ன முறை வைத்துக் கூப்பிடலாம் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். போஸ்னியாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒருவருடைய பெயரே செய்துவிடும். லெபனானில் பெயரும் ஊரும் சேர்ந்து செய்யும். நேற்றுவரை எதிரெதிர்ப் பதுங்குகுழியில் கிடந்தவர்களை ஒரே சீருடையில் நிறுத்தப் பார்த்த நாடுகள் எல்லாம் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருக்கின்றன.

இந்தக் கையேடு இரண்டு தரப்பாருக்காக எழுதப்பட்டது. இந்தப் பக்கத்திலிருந்து ராணுவத்துக்குப் போய், ஐ.நா. அமைதி காப்புப் பணியிலோ பயிற்சிக் குழுவிலோ வேறு நாட்டுப் படைகளோடு வேலை செய்ய வேண்டியவர்கள் ஒரு தரப்பு. ஊரிலேயே ஊர்க்காவல் படை, ஆயுதப்படை, என்.சி.சி. என்று பல சாதிப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்துகிறவர்கள் இன்னொரு தரப்பு. முதல் தரப்பார் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் தரப்பார் தங்கள் அளவுக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

சிப்பாயின் மனத்தை மாற்றுகிறோம் என்று சொற்பொழிவில் தொடங்காதீர்கள். ஒரு பட்டாளத்தின் குணம் அதன் பட்டியல்களில் இருக்கிறது. யார் யாருக்குப் பக்கத்தில் படுக்கிறார், நள்ளிரவு சென்ட்ரி (காவல் முறை) யாருக்கு விழுகிறது, திருவிழாவுக்கு யாருக்கு லீவு கிடைக்கிறது, கோர்ஸுக்கு யார் பெயர் போகிறது, கோத்தின் (ஆயுத அறையின்) சாவி யார் கையில் இருக்கிறது என்பவையே அந்தப் பட்டியல்கள். இவை பழையபடி இருக்கும்போது ஒற்றுமைப் பட்டறை நடத்தினால் அது வெறும் பேச்சு என்று சிப்பாய் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வான். பிறகு நீங்கள் உண்மையாகவே ஒன்றைச் செய்தாலும் நம்ப மாட்டான்.

எண்ணுவதில் தொடங்குங்கள்

சுமார் 700, 800 பேர் கொண்ட ஒரு பட்டாலியனை முழுதாகக் கணக்கெடுக்க நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். எண்ணுகிறவர்கள் வெளி அணியிலிருந்து வர வேண்டும். மூன்று பேர் என்றால் மூவரும் வேறுவேறு பிரிவினராக இருக்க வேண்டும். கடந்த 12 மாதத்துக்கான ஏழு பதிவேடுகளை எடுங்கள்: லீவு, தண்டனை, இரவுக் காவல், ஃபேட்டிக் (முகாமின் எடுபிடி வேலை), கோர்ஸுக்கு அனுப்பியது, பதவி உயர்வு, மருத்துவ அறிக்கை. ஒவ்வொன்றிலும் ஒரு பிரிவினரின் பங்கை, மொத்தப் பலத்தில் அவர்களுடைய பங்கால் வகுத்துப் பாருங்கள். பலத்தில் 30 சதவீதம் இருக்கும் பிரிவினர் தண்டனைப் பதிவில் 54 சதவீதம் இருந்தால் விகிதம் 1.8. 1.25-ஐத் தாண்டிய எதற்கும் கம்பெனி கமாண்டரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். ஒரு பதிவேட்டில் மொத்தமே பத்துக்குக் குறைவான நிகழ்வுகள்தான் என்றால் விகிதம் ஏமாற்றும். அங்கே ஒவ்வொரு வழக்கையும் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சாவி கையில் இருக்கும் பதவிகள். கோத், ரேஷன் ஸ்டோர், சிக்னல், வண்டிப் பிரிவு, ஆபீஸ் கிளார்க், உளவு ஆகிய ஆறையும் தனியாகப் பாருங்கள். மொத்த எண்ணிக்கையில் பாதிக்குப் பாதி என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிருக்கும். இந்த ஆறில் ஐந்து ஒரே பிரிவினர் கையில் இருக்கும். இரண்டாவதுதான் அந்த அணியின் நிஜமான நிலவரம். ஆட்கள் மாறும்வரை கோத்துக்கு இரட்டைப் பூட்டு போட்டு, இரண்டு சாவியையும் வேறுவேறு பிரிவினரிடம் கொடுங்கள்.

லங்கரின் (சிப்பாய்களின் சாப்பாட்டுக் கூடத்தின்) தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, மூன்று நாள், மூன்று வேளையும் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று புள்ளி வையுங்கள். கேள்வித்தாளில் சொல்லாததை இந்தப் படம் சொல்லும். கேள்வித்தாளும் வேண்டியதுதான். 20 கேள்விக்குள், அவரவர் மொழியில், பெயரில்லாமல் இருக்கட்டும். பிறகு ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகப் பேச வையுங்கள். முதலில் ஒரே பிரிவினர், ஒரே பதவி நிலையினர்; ஒரு மாதம் கழித்துத்தான் கலந்த குழு. முதல் கூட்டத்திலேயே எல்லாரையும் கலந்து உட்கார வைத்தால் "ஒரு குறையும் இல்ல சார்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

எடுத்த கணக்கில் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணி முடித்ததும் மூலத் தாள்களை அழித்துவிடுங்கள். 1994-இல் ருவாண்டாவில் அடையாள அட்டையில் அச்சாகியிருந்த இனப்பெயர்தான் சாலைத் தடுப்புகளில் யார் சாக வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது. சண்டை ஓய்ந்த நாட்டில் இனவாரிப் பெயர்ப் பட்டியலும் ஆயுதக் கிடங்கைப் போல் காவல் காக்க வேண்டிய பொருள்.

பதவியும் சம்பளமும் பேரக்குக்கு முன்னால்

தென்னாப்பிரிக்கா 1994 ஏப்ரல் 27 அன்று ஏழு படைகளைச் சேர்த்து ஒன்றாக்கியது. பழைய வெள்ளையர் அரசின் படை, அது கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய நான்கு 'தாயக'ங்களின் படைகள், எம்.கே., அப்லா ஆகிய இரண்டு விடுதலைப் படைகள். அரசுப் படையினரிடம் பதவிச் சான்றிதழ், கோர்ஸ் சான்றிதழ், சம்பள ஏடு எல்லாம் இருந்தன. காட்டிலும் அண்டை நாடுகளிலும் பயிற்சி பெற்று வந்தவர்களிடம் அப்படி எதுவும் இல்லை. எந்தப் பதவியில் அமர்த்துவது என்று தீர்மானித்த குழுக்களில் பிரிட்டிஷ் ராணுவ ஆலோசனைக் குழு நடுவராக உட்கார்ந்தது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்கள் முகாமுக்கு வந்துவிட்டார்கள், தீர்ப்பும் சம்பளமும் வரவில்லை. அந்த வருஷமே வால்மன்ஸ்தால் முகாமிலிருந்து எம்.கே. வீரர்கள் பெருந்திரளாக அனுமதியில்லாமல் வெளியேறினார்கள். அதிபர் மண்டேலாவே தலையிட வேண்டியதாயிற்று.

நேபாளத்தில் தாமதம் இன்னும் பெரிது. 2006 நவம்பர் 21 அன்று அமைதி உடன்பாடு ஆனது. மாவோயிஸ்ட் படையினர் என்று ஐ.நா. குழு சரிபார்த்தவர்கள் 19,602 பேர். அவர்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் முகாம்களில் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் 1,400-ஐ ஒட்டித்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் பணம் வாங்கிக்கொண்டு விலகினார்கள். வயது, படிப்பு, உடற்தகுதி பார்த்து ஆள் ஆளாகச் சேர்த்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய நல்ல அம்சம். குழுவாகச் சேர்த்தால் பழைய கமாண்டரும் கூடவே வருவார், சீருடை மாறியும் கட்டளை பழைய வாயிலிருந்தே வரும்.

ஆகவே, பேரக்குக்கு (சிப்பாய்கள் தங்கும் கட்டடத்துக்கு) ஆள் வருவதற்கு முன்பே மூன்று தாள்கள் அவர் கையில் இருக்க வேண்டும். பதவி என்ன என்று ஒன்று. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று ஒன்று. மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று ஒன்று. முறையீட்டுக்கு 30 நாள் கொடுத்து, 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்லுங்கள். முறையீட்டுக் குழுவில் வெளியார் ஒருவராவது வேண்டும். குறைந்த பதவியில் அமர்த்தப்பட்டவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மேலே ஏறுவதற்கான இணைப்புப் பயிற்சியைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். தேதி இல்லாத வாக்குறுதியை அவர் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார்.

இந்தக் கட்டத்திலேயே முடிக்க வேண்டிய இன்னொரு வேலை, போர்க்குற்றம் செய்தவர்களை வடிகட்டுவது. ஊரை எரித்தவனையும் எரிந்த ஊர்க்காரனையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டுவிட்டு இணக்கம் பேசுவது கொடுமை. கூட்டாகக் கொன்றது, பாலியல் வன்கொடுமை, கைதிகளைச் சித்திரவதை செய்தது ஆகிய மூன்றுக்கும் ஆதாரமுள்ள எவரையும் சேர்க்கக் கூடாது. எந்தப் பக்கத்தவரானாலும் அளவுகோல் ஒன்றே.

எந்த மட்டத்தில் கலப்பது

இதற்கு நாட்டுக்கு நாடு வேறு விடை கண்டிருக்கிறார்கள். போஸ்னியாவில் 2006 ஜனவரி 1 முதல் ஒரே படை. சாப்லினா, துஸ்லா, பான்யா லூக்கா ஆகிய இடங்களைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்று காலாட்படைப் பிரிகேடுகள் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரிய அணிகள்). ஒவ்வொன்றிலும் போஸ்னியாக், செர்பிய, குரோவாசியப் படை மரபுகள் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பட்டாலியன். பிரிகேடு கலந்தது, பட்டாலியன் பெரும்பாலும் ஒரே இனம். புருண்டியில் 2000 ஆகஸ்டு அருஷா உடன்பாட்டின்படி படையில் எந்த ஓர் இனமும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. லெபனானில் 1990-க்குப் பிறகு பிரிகேடுகளையே கலந்து, ஒரு வட்டாரத்திலேயே வேரூன்றாதபடி இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் தீர்மானம் இது. புதிதாகச் சேரும் ஆட்களை முதல் நாளிலிருந்தே, படையின் மிகச் சிறிய அணியான செக்‌ஷன் மட்டத்தில் கலந்துவிடுங்கள். சண்டை போட்ட பழைய ஆட்களை அப்படிக் கலக்க வேண்டாம். அவர்களில் பொறியியல், கண்ணிவெடி அகற்றல், மருத்துவம், வண்டிப் பிரிவு ஆகியவற்றில் தொடங்குங்கள். அங்கே பக்கத்து ஆளின் கைத்திறனை நம்பாமல் வேலையே நடக்காது. போஸ்னியாவும் ஒரே படை ஆவதற்கு முன்னரே, 2005-இல், மூன்று தரப்பாரும் சேர்ந்த வெடிபொருள் அகற்றும் குழுவைத்தான் ஈராக்குக்கு அனுப்பியது.

பத்துப் பேர் செக்‌ஷனில் சிறுபான்மைப் பிரிவினர் ஒருவராக மட்டும் இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று பேர் வேண்டும். தனியாக மாட்டியவன் தன் இனம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவனாகிவிடுகிறான். ஒன்று ஓடிப்போகிறான், இல்லாவிட்டால் மற்றவர்களைவிட அதிகமாகத் தன் ஆட்களையே திட்டிக் காட்டுகிறான். இரண்டு பிரிவென்றால் ஆறுக்கு நான்கு, மூன்றென்றால் நான்கு, மூன்று, மூன்று. மூன்று பேருக்கு ஆள் போதவில்லையா, எல்லாச் செக்‌ஷனிலும் ஒவ்வொருவராகத் தூவாமல் சில செக்‌ஷன்களில் மட்டும் கலந்து, மீதியை அடுத்த ஆளெடுப்புவரை விட்டுவையுங்கள்.

படுக்கையைக் கலப்பதற்கு முன்னால் சென்ட்ரி ஜோடியைக் கலந்துகொள்ளுங்கள். இரவில் இரண்டு மணி நேரம், இரண்டு பேர், ஒரே காவல் இடம். பேசாமல் இருக்க முடியாது. ஜோடியை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மாற்றாதீர்கள். வாரா வாரம் மாற்றினால் பழக்கம் ஊன்றுவதற்குள் கலைந்துவிடும்.

ஒழுங்கில்லாமல் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்பாப்வேயைப் பார்க்க வேண்டும். புலவாயோவை ஒட்டிய என்டும்பானேயில் ஜிப்ரா, ஜான்லா என்ற இரண்டு விடுதலைப் படையினரையும் ஆயுதத்தோடு பக்கத்தில் பக்கத்தில் குடிவைத்தார்கள். 1980 நவம்பரிலும் 1981 பிப்ரவரியிலும் அங்கே சண்டை வெடித்தது. அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. பொதுக் கட்டளை வரிசைக்கு வெளியே, ஏறக்குறைய ஒரே இனத்தாரைக் கொண்ட ஐந்தாம் பிரிகேடை வடகொரியப் பயிற்சியோடு உருவாக்கினார்கள். 1983 முதல் மட்டபெலேலாந்தில் அது பொதுமக்களைக் கொன்று குவித்தது. கலந்த படையை ஒரு பக்கம் வளர்த்துக்கொண்டு, இன்னொரு பக்கம் தலைவருக்குச் சொந்தமாக ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கும் நாட்டில் இந்தக் கையேட்டின் மற்ற எல்லாப் படிகளும் வீண். ஆலோசகராகப் போகிறவர் அதை முதல் அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

நெற்றிக்குறி, கயிறு, பெயர்

அவசரக்காரர்கள் முதலில் கை வைப்பது இங்கேதான். அதிகம் சுட்டுக்கொள்வதும் இங்கேதான். நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது.

1799-இல் திப்பு வீழ்ந்தார். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்தது. அப்போதைய மதராஸ் ராணுவம் பல மதம், பல சாதி, பல மொழிக்காரர்களைக் கொண்ட, போருக்குப் பிந்தைய படை. 1805 நவம்பரில் தலைமைத் தளபதி ஜான் கிராடக் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். எல்லாரும் ஒன்றுபோல் தோன்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். 1806 மே மாதமே சிப்பாய்கள் மறுத்துக் காட்டினார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. எதிர்ப்புக்கும் எழுச்சிக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. அந்த நாட்களில் யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும். அத்தனை பேர் செத்த பிறகு அதே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள்.

அதே வருஷம் நவம்பரில் பாளையங்கோட்டையில் இன்னொன்று நடந்தது. சதி என்று வந்த வதந்தியைக் கேட்டு, அங்கிருந்த ஆங்கிலத் தளபதி முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதத்தை மட்டும் பறித்து அவர்களைக் கோட்டையிலிருந்து வெளியேற்றினார். ஒரு பிரிவையே குற்றவாளியாக்கிப் பிரித்து நிறுத்தும் இந்தப் பழக்கம் 200 வருஷம் கழித்தும் உலகமெங்கும் பட்டாளங்களில் இருக்கிறது. வதந்தி வந்தால் எல்லாருடைய ஆயுதத்தையும் ஒரே நேரத்தில் கோத்தில் வைத்து எண்ணுங்கள். ஒரு பிரிவின் ஆயுதத்தை மட்டும் ஒருக்காலும் எண்ணாதீர்கள்.

போஸ்னியா வேறு வழி போனது. மூன்று பழைய படைகளின் மரபும் மூன்று ரெஜிமெண்டுகளாகத் தொடர்ந்தன. சின்னம், நினைவு நாள், அருங்காட்சியகம் அவர்கள் பொறுப்பு. போர்க்களக் கட்டளை அதிகாரம் இல்லை. நினைவு ஒரு வரிசையில், கட்டளை இன்னொரு வரிசையில். இழவு விழுந்த வீடுகள் இரண்டு பக்கமும் இருக்கும்போது இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறோம். இதன் குறை, பிளவுக்கும் நிரந்தர விலாசம் கிடைத்துவிடுவது. ஆகவே பொது நாள் ஒன்று, அதாவது இந்தப் புதிய அணி உருவான நாள், மற்ற நினைவு நாட்களைவிடப் பெரிதாகக் கொண்டாடப்பட வேண்டும்.

நெல்லையில் எடுத்த முடிவு மூன்றாவது வழி. 1997-இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குச் சூட்டிய பெயரை ஒட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டபோது, அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒருசேர நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டமானது. யாருக்கும் முழு மகிழ்ச்சி இல்லை. ஆனால் யாரையும் தனியாகக் குறிவைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியால் பள்ளி மாணவர் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளி மாணவர் கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் வேண்டாம் என்று எல்லாச் சாதிக்கும் பொதுவாகவே பரிந்துரைத்தது.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: வழிபாட்டு அடையாளத்தையும் அணிதிரட்டும் அடையாளத்தையும் பிரித்துப் பாருங்கள். திருநீறு, தாயத்து, சிலுவை, தாடி சண்டைக்கு முன்பும் இருந்தவை. குறிப்பிட்ட நிறக் கயிறு, ஒரு கமாண்டரின் படம் போட்ட பனியன், சண்டைக்காலப் பாட்டை ரிங்டோனாக வைப்பது சண்டையில் பிறந்தவை. முதல் வகையைத் தொடாதீர்கள். இரண்டாம் வகையை எல்லாப் பிரிவுக்கும் ஒரே நாளில், 60 நாள் முன்னறிவிப்போடு, பட்டியல் போட்டு நீக்குங்கள். எந்தப் பொருள் எந்த வகை என்பதைச் சிப்பாய்களே உள்ள கலந்த குழு முடிவு செய்யட்டும். வெளியிலிருந்து வந்த அதிகாரிக்குக் கயிற்றின் நிறம் புரியாது.

மொழியும் அழைக்கும் முறையும்

கட்டளைக்கு ஒரு மொழி போதும். 150 முதல் 200 சொற்கள் கொண்ட கட்டளைச் சொற்பட்டியலைப் படத்தோடு அச்சடித்து, 12 வாரத்தில் எல்லாரும் தேற வேண்டும் என்று வையுங்கள். கட்டளைக்கு வெளியே இரண்டு பக்கமும் கற்க வேண்டும். சிறுபான்மையினர் மட்டும் மொழி கற்கும் படையில் அந்த மொழிப் பாடமே தினசரி அவமானமாகிவிடும். இந்திய ராணுவத்தில் மதராஸ் ரெஜிமெண்டுக்கு வரும் வடநாட்டு அதிகாரி தன் ஜவான்களின் மொழியைக் கற்றுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்தை ஏற்றுமதி செய்யத் தயங்காதீர்கள். அதிகாரி தேறினால்தான் அடுத்த பதவி உயர்வு என்று எழுதிவையுங்கள். எதிர்த் திசையில் போனால் என்ன ஆகும் என்பது கடலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. இலங்கையில் 1962 கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு ஆளெடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தமிழ் பேசும் வடக்கில் ரோந்து போன சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதிரில் நின்றவர் சொன்னது புரியவில்லை.

அழைக்கும் முறை சின்ன விஷயம் என்று தோன்றும். ஹவில்தார் ஒருவனை "வாங்க அண்ணாச்சி" என்றும், அதே வயது, அதே பதவியில் இருக்கும் இன்னொருவனை "ஏலே, இங்க வாலே" என்றும் கூப்பிட்டால் அந்தக் கம்பெனியின் சாதிக் கணக்கு முழுக்க வெளியே வந்துவிட்டது. பணி நேரத்தில் எல்லாருக்கும் பதவியும் பெயரும் சேர்த்த விளி, பன்மை வினை. உறவு முறை சொல்வது பணி முடிந்த பிறகு, அவரவர் விருப்பம். இதை முதல் மாதமே தொடங்கலாம், செலவே இல்லை. ஆறு மாதத்தில் ரோல்காலின் தொனியே மாறிவிடும்.

லங்கர், சாமி, லீவு

ஒரே லங்கர், ஒரே வரிசை, ஒரே மாதிரித் தட்டு. சமைக்கும் பாத்திரங்கள் வேறாகலாம். சைவம், ஹலால், பொது என்று மூன்று அடுப்பு, மூன்று நிறக் கைப்பிடியுள்ள கரண்டிகள், தனித்தனியாகக் கழுவும் தொட்டி. சமையல்காரர் பட்டியல் கலந்திருக்க வேண்டும். ஒரு பிரிவார் சமைக்க இன்னொரு பிரிவார் பாத்திரம் கழுவும் நிலை வந்துவிடாமல் வாரந்தோறும் மாற்றுங்கள். மாதம் ஒருமுறை படாகானா (எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து). அதில் அதிகாரிகளும் ஜவான்களோடு சேர்ந்து உட்கார வேண்டும். தனி மேஜை போட்டால் அதை நடத்தாமல் இருப்பதே மேல்.

வழிபாட்டுக்கு, இந்திய ராணுவ முகாம்களில் எல்லா மதத்துக்கும் ஒரே கட்டடமாக இருக்கும் சர்வ தர்ம ஸ்தலம் நல்ல முன்மாதிரி. கமாண்டிங் அதிகாரி தன் மதம் எதுவானாலும் தன் ஆட்களின் வழிபாட்டில் முன்வரிசையில் நிற்பார். கட்டடத்தைவிட அந்தப் பழக்கம்தான் எடுத்துச்செல்ல வேண்டியது.

லீவுதான் அதிகம் கசப்பு சேரும் இடம். பங்குனி உத்திரத்துக்கு நெல்லைப் பக்கத்தார் எந்தச் சாதியானாலும் குலசாமி சாஸ்தாவைப் பார்க்கப் போயாக வேண்டும். ஒரே நாள், எல்லாருக்கும் வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் இப்படிச் சில நாட்கள் இருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் எல்லாப் பிரிவினரின் முக்கிய நாட்களையும் ஒரே நாள்காட்டியில் குறியுங்கள். ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லீவில் இருக்கக் கூடாது என்று வைத்து, கேட்பவர் அதிகமானால் எல்லார் முன்னிலையிலும் சீட்டு எடுங்கள். இந்த வருஷம் விடுபட்டவருக்கு அடுத்த வருஷம் சீட்டில்லாமல் முன்னுரிமை. பட்டியலை லங்கர் சுவரில் ஒட்டுங்கள்.

சாவு லீவை இரண்டு மணி நேரத்துக்குள் கம்பெனி மட்டத்திலேயே முடிவு செய்யும் அதிகாரம் கொடுங்கள். விதிப்புத்தகத்தில் நெருங்கிய உறவு என்றால் பெற்றோர், மனைவி, பிள்ளை என்று நிற்கும். நம் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. பிற இனங்களிலும் இப்படி ஓர் உறவு இருக்கும். சேரும்போதே ஒவ்வொருவரும் விதிக்கு வெளியே இரண்டு உறவுகளைப் பெயர் எழுதிப் பதிந்துகொள்ளலாம் என்று வைத்தால் பாதித் தகராறு தீரும். இதை அற்பமாக நினைக்க வேண்டாம். 1999 செப்டம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டெம்பே தளத்தில், விடுதலைப் படையிலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருவர் தன் தளத்தில் இருந்த வெள்ளையர்களைச் சுட்டுக் கொன்றார். தந்தையின் சாவுக்குப் போன விடுப்பும், அதையொட்டிய சம்பளத் தகராறும் அதற்கு முந்தைய மனக்குறைகளில் இருந்தன. கொலைக்கு அது நியாயமாகாது. படையில் பாகுபாடு எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அதற்குப் பின் நடந்த விசாரணைதான் வெளியே கொண்டுவந்தது. அந்த விசாரணை ஐந்து வருஷம் முன்னால் நடந்திருக்க வேண்டும்.

புகார் போகும் வழி

மூன்று வழி வேண்டும். கட்டளை வரிசைக்குள் ஒன்று, அதற்கு வெளியே ஒன்று, பெயர் சொல்லாமல் ஒன்று. வெளி வழிக்கு ஜெர்மனி 1956-இல் அரசியல் சட்டத்திலேயே நாடாளுமன்ற ராணுவ ஆணையரை வைத்தது. போஸ்னியாவிலும் நாடாளுமன்ற ராணுவ ஆணையர் உண்டு. தென்னாப்பிரிக்கா 2012-இல் ராணுவக் குறைதீர்ப்பாளருக்குச் சட்டம் போட்டது. புகார்ப் பெட்டியின் சாவி அட்ஜுடண்டிடம் (கமாண்டிங் அதிகாரியின் நிர்வாக உதவி அதிகாரியிடம்) இருந்தால் பெட்டி காலியாகவே இருக்கும். அதைப் பார்த்துக் குறையே இல்லை என்று அறிக்கை போகும். சாவி வெளியாரிடம் இருக்கட்டும். கிடைத்ததற்கு 48 மணி நேரத்தில் ரசீது, 14 நாளில் முதல் விசாரணை, 45 நாளில் முடிவு. புகார் கொடுத்தவரின் லீவு, டூட்டி, கோர்ஸ் பதிவை அடுத்த 12 மாதம் தனியாகக் கவனியுங்கள். பழிவாங்கல் அங்கேதான் வரும், சத்தமில்லாமல்.

முதல் வருஷம் புகார் எண்ணிக்கை ஏறினால் பதற வேண்டாம். வழி திறந்திருக்கிறது என்று நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். மேலிடம் அதை அந்தக் கமாண்டருக்கு எதிரான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதபடி முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஹவில்தாரும் சுபேதாரும்

பயிற்சிப் பணத்தில் பாதிக்கு மேல் இவர்களுக்குச் செலவிடுங்கள். சி.ஓ. (கமாண்டிங் அதிகாரி) இரண்டு மூன்று வருஷத்தில் மாறிப்போவார். பட்டியல் எழுதும் பேனா ஹவில்தார் கையில் இருக்கும். முதலில் எடுத்த ஏழு விகிதங்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனிவாரியாக எடுத்து, பதவி உயர்வுக் குழுவின் முன் வையுங்கள். துணைத் தலைவர் தலைவரின் பிரிவாக இருக்கக் கூடாது என்ற போஸ்னிய விதி நல்லது. ஆனால் ஒவ்வொரு நியமனமும் "எங்க ஆளு வரட்டும்" என்று மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. 90 நாளில் நிரப்பாத பதவிக்குத் தகுதிப் பட்டியலில் அடுத்தவர் தானாகவே வருவார் என்று விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

சம்பவம் நடந்தால் முதல் 24 மணி நேரம்

அடிதடியோ இழிசொல்லோ நடக்கத்தான் செய்யும். முதல் மணி நேரத்தில் காயம் பார்த்து, எல்லாப் பிரிவினரின் ஆயுதத்தையும் கோத்தில் வைத்து, இரட்டைப் பூட்டுப் போடுங்கள். சம்பந்தப்பட்டவர்களைப் பிரித்து வைப்பதானால் இரு பக்கத்தாரையும் ஒரே மாதிரி வையுங்கள். அடிபட்டவனை மட்டும் வேறு முகாமுக்கு மாற்றினால் அவன்தான் தண்டிக்கப்பட்டான் என்று எல்லாரும் படித்துக்கொள்வார்கள். மூன்று மணி நேரத்துக்குள் சி.ஓ. எல்லாரையும் கூட்டி, தெரிந்ததை மட்டும், எல்லா மொழியிலும் சொல்ல வேண்டும். அதற்குள் ஊர்வாரி வாட்ஸப் குழுக்களில் மூன்று கதை ஓடிக்கொண்டிருக்கும். போனைப் பிடுங்குவது கதைக்கு வலுக்கொடுக்கும், சி.ஓ.வின் சொல் அடுத்த ஆறு மணி நேரத்தில் இரண்டாம் முறையும் வர வேண்டும், புதிய தகவல் இல்லாவிட்டாலும்.

விசாரணை அதிகாரிகள் இருவர், வேறுவேறு பிரிவினர், இருவரும் வெளி அணியினர். சாட்சி வாக்குமூலம் அவரவர் மொழியில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றிரவு சென்ட்ரிப் பட்டியலை மாற்றாதீர்கள். கலந்த ஜோடிகள் அப்படியே நிற்கட்டும். ஆயுதம் கோத்தில் இருப்பதால் அன்று தடியோடு நின்றால் போதும். குவார்ட்டர் கார்டில் (முகாமின் முதன்மைக் காவல் இடத்தில்) மட்டும் வெளி அணியிலிருந்து ஆயுதத்தோடு ஆள் வரவழையுங்கள். 24 மணி நேரம் முடியும்போது நடந்தது, செய்தது, இன்னும் செய்ய வேண்டியது, அதற்குப் பொறுப்பு யார், எந்தத் தேதிக்குள் என்று ஒரு பக்கத் தாள் லங்கர் சுவரில், லீவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.